மடத்துப் பாடமும் ஊர்ச் சபையும்

ஜோலார்பேட்டையிலிருந்து சேலத்துக்குச் செல்லும் இருப்புப்பாதையில், திருப்பத்தூருக்கும் மொரப்பூருக்கும் இடையே, விரைவு வண்டிகள் பெரும்பாலும் நில்லாமல் கடந்துபோகும் ஒரு சிறிய நிலையமாக இருக்கிறது சாமல்பட்டி. கார்பனடைட் என்னும் அரிய பாறை இவ்வூரின் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதால் புவியியல் ஆராய்ச்சியாளர்கள் இதன் பெயரை அறிவார்கள். ஏனையோர் ஊத்தங்கரைக்குப் பக்கம் என்று சொன்னால்தான் அறிவார்கள். 1965ஆம் ஆண்டு வரையில் சேலம் ஜில்லாவாகவும், பின்னர் தருமபுரி மாவட்டமாகவும், 2004ஆம் ஆண்டிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமாகவும் பெயர் மாறி வந்த இந்தப் பிரதேசம், மானாவாரி நிலமும் மாந்தோப்பும் புளியமரமுமாக நெடுங்காலம் ஜீவித்திருந்து, ஓசூரில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் எழும்பிய பின்பு மெல்ல மெல்ல அந்தத் திசையை நோக்கித் திரும்பி, பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் சிப்காட் வளாகங்கள் வந்துவிட்ட இக்காலத்தில், ஷிப்டு நேரத்தைக் கொண்டே நாளைப் பகுத்துக்கொள்ளும் மக்களின் வாசஸ்தலமாக ஆகியிருக்கிறது.

இத்தகைய ஓர் ஊரிலிருந்து கம்பெனிப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போய்வருகிற ஒருவர், கிருத்திகைக்கு விரதமிருப்பவராகவோ ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குச் செல்பவராகவோ ஜும்மாத் தொழுகையை விடாதவராகவோ இருந்து, கவிதையோ கதையோ எழுதும் ஆசையும் உடையவராக இருந்தால், அவ்வெழுத்தை முறையாகக் கற்றுக்கொள்ள அவருக்கு வழி என்ன என்பதே இக்கட்டுரையின் விசாரம். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் ஒரு நகரத்தில் தங்கிப் படிப்பது அவருக்கு இயலாது. அஞ்சல்வழியில் தமிழ் எம்.ஏ. படிக்கலாம், மதுரைப் பல்கலைக்கழகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எத்தனையோ ஆயிரம் பேரை அவ்வாறு படிக்க வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் படிப்பு, சனி ஞாயிறுகளில் நடக்கும் தொடர்பு வகுப்பு உள்பட, எழுதப்பட்டவற்றைப் பற்றிய படிப்பு. மாணாக்கர் எழுதுவது பரீட்சைத் தாளில் மாத்திரமே. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் படைப்பெழுத்துக்கென்று பட்டயப் படிப்பை வைத்தபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும் வைத்தது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். ஆண்டில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நாள் அளவில், மாணாக்கரும் ஆசிரியரும் ஓரிடத்தில் கூடித் தங்குவது. மற்ற மாதங்களில் அவரவர் தம் ஊரில் இருந்து உத்தியோகத்தையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டே எழுதி, எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பி, அவருடைய திருத்தங்களைக் கடிதமாகப் பெறுவது. இரண்டு ஆண்டு முடிவில் ஒரு முழுநூலைச் சமர்ப்பித்து முதுகலைப் பட்டம் பெறுவது. இம்முறையில் எழுத்துக் கலைக்கென அமைந்த முதல் முதுகலைப் படிப்பை, எல்லென் பிரையன்ட் வாய்ட் என்னும் கவிஞர் 1976இல் வெர்மான்ட் மாநிலத்துக் காடார்டு கல்லூரியில் தொடங்கினார். 1981இல் அது வட கரோலினாவிலுள்ள வாரன் வில்சன் கல்லூரிக்குப் பெயர்ந்தது. 2005இல் சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழகம் என்னும் கிறிஸ்தவ ஸ்தாபனம், கலையையும் விசுவாசத்தையும் ஒருங்கே பேசுவதற்காக 1989இல் இமேஜ் என்ற பத்திரிகையை நிறுவிய கிரெகரி வுல்ஃபின் தலைமையில், இதே முறையைச் சமயப் பற்றுடைய எழுத்தாளர்களுக்கென்று வகுத்தது. மாணாக்கர் ஒரு பருவத்தில் விட்பி தீவிலும் மற்றொரு பருவத்தில் சாண்டா ஃபே நகரிலும் கூடினார்கள். காலையில் வழிபாடு, பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வாசித்து விமரிசிக்கும் பட்டறை, மாலையில் வாசிப்பு.

இதைப் புதுமை என்று கொண்டாடுவோர் அதன் வமிசாவளியைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், அங்கே சமயத்தையே காண்பார்கள். நியூயார்க் மாநிலத்துச் சட்டாக்குவா ஏரிக்கரையில் 1874இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி முகாம் ஒன்றை மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜான் வின்சென்டும் லூயிஸ் மில்லரும் தொடங்கினார்கள். கோடை முடிந்து ஊர் திரும்பியவர்கள் அடுத்த கோடை வரையில் வாசிக்க ஏதேனும் வேண்டுமே என்று 1878இல் நான்கு வருஷத்து வீட்டு வாசிப்புத் திட்டத்தை ஏற்படுத்தினார்கள். கூடுதல் சில நாள், பிரிந்திருத்தல் பல மாதம், பிரிவின்போதும் பாடம் என்ற அமைப்பு அவ்விடத்திலேயே ஏறக்குறைய பூர்த்தியாகிவிட்டது. 1963இல் குவாத்தமாலாவிலுள்ள பிரஸ்பிட்டேரியன் குருத்துவக் கல்லூரி, தலைநகரத்துக்கு வந்து படித்தவர்களில் பெரும்பாலோர் தம் கிராமத்துச் சபைகளுக்குத் திரும்பவில்லை என்று கண்டு, கல்லூரியைக் கிராமப்புறத்துக்கு எடுத்துச் சென்று, உழுபவனும் கடைக்காரனும் தத்தம் தொழிலில் இருந்தபடியே படிக்க வழி செய்தது. அதே 1963இல்தான் காடார்டு கல்லூரியும் வயது வந்தவர்களுக்காகச் சில நாள் தங்கிப் படிக்கும் படிப்பைத் தொடங்கியது. அக்கல்லூரியின் மூலமும் யூனிவர்சலிஸ்ட் சமயத்தார் 1863இல் நிறுவிய பள்ளிதான். குவாத்தமாலா முறை 1971இல் பெங்களூருக்கு வந்து, வீட்டில் இருந்தபடியே இறையியல் படிக்கும் ஒரு சங்கமாக ஸ்தாபிதமாயிற்று. ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். நம் விசாரம் அண்டை வீடு வரையில் வந்துவிட்டது.

ஆயினும், செய்யுள் எழுதக் கற்பிக்கும் உயர்தரப் பள்ளி ஒன்றைச் சமய ஸ்தாபனம் தன் மடியில் வைத்து வளர்த்த திருஷ்டாந்தத்துக்கு நாம் பெங்களூருக்கும் போக வேண்டியதில்லை. காவேரிக் கரைக்குத்தான் போக வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) வாழ்க்கை முழுவதும் அத்தகைய ஒரு பள்ளியாகவே நடந்தது. அவரது சரித்திரத்தை அவருடைய மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டிருப்பதாலும், பின்னர் ஆனந்த விகடனில் தம் சுயசரிதத்தை எழுதியபோது அந்நாட்களை மறுபடியும் விஸ்தாரமாக விவரித்திருப்பதாலும், அந்தப் பள்ளி நடந்த விதம் நமக்கு நன்கு விளங்குகிறது. தமிழில் வேறெந்தக் கவிஞருடைய பட்டறையைப் பற்றியும் இத்தனை விவரம் நம் கையில் இல்லை.

பிள்ளையவர்கள் தாமே ஓரிடத்தில் தங்கிக் கற்றவரல்லர். திரிசிரபுரத்தில் இளைஞராக இருந்தபோது, தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் அங்கே பிச்சை எடுத்து உண்டு வந்தார் என்றறிந்து, அவர் போகும் இடமெல்லாம் உடன் போய் அவருக்கு ஊழியம் செய்து அந்நூலைக் கற்றார். கற்பிப்பவர் நிலையாக ஓரிடத்தில் இல்லாவிடில் கற்பவர் நகர வேண்டும் என்பது அவருக்கு அனுபவமாகவே தெரிந்திருந்தது. பின்னர் அவர் ஆசிரியரானபோது திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக இருந்தார். மாயூரத்தில் வீடு வைத்துக்கொண்டார். பட்டீச்சுரத்தில் போய்த் தங்கினார். திருப்பெருந்துறையில் மாதக்கணக்கில் இருந்தார். எங்கே சென்றாலும் மாணாக்கர் சிலர் உடன் சென்றார்கள். சிலர் பாதி வழியில் ஊர் திரும்பினார்கள். சிலர் மீண்டும் வந்து சேர்ந்தார்கள். மடம் அன்னமளித்தது, ஏடுகள் அளித்தது, ஒரு சபையையும் அளித்தது. கல்வியோ பிள்ளையவர்களோடு யாத்திரை செய்தது.

1871இல், பதினேழு வயதை எட்டும் நிலையில் சாமிநாதையர் மாயூரம் சென்று அவரிடம் சேர்ந்தார். அவர் படித்த நூல்களின் வகையைப் பார்த்தால் அக்கல்வியின் நோக்கம் புலப்படும். நைடதம், பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள். திரிபும் யமகமும் கற்பவனுடைய சொற்களஞ்சியத்தைத் துருவித் துருவிச் சோதிக்கும் பிரபந்தங்கள். இந்தப் பிரபந்தங்கள் மற்றொரு காலத்தில் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று இகழப்பட்டன, இன்றும் இகழப்படுகின்றன. ஆனால் அவற்றைக் கைத்தொழில் கற்பவனுக்குரிய அப்பியாசமாக எண்ணிப் பார்த்தால், ஒரு சொல்லை எத்தனை இடத்தில் பிளக்கலாம், ஓர் அடியை எங்கே நிறுத்தலாம், ஒரே பொருளை நூறு முறை கூறும்போது நூற்றோராவது முறைக்கு என்ன மிச்சமிருக்கும் என்பதையெல்லாம் அதைவிடத் தீவிரமாகக் கற்பிக்கும் முறை வேறு இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

பாடத்துக்கு அப்பால் வேறொரு பாடமும் நடந்தது. அதுவே அதிக முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். பிள்ளையவர்கள் புராணமோ பிரபந்தமோ இயற்றும்போது தாம் எழுதாமல் வாயினால் சொல்லிக்கொண்டே போவார். மாணாக்கர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதுவார்கள். நடந்துகொண்டும், வந்தவர்களோடு இடையில் பேசிக்கொண்டும், மீண்டும் விட்ட இடத்தில் தொடர்ந்தும் அவர் பாட்டுச் சொன்ன செய்தியைச் சாமிநாதையர் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். ஒரு கவிதை எவ்வாறு உருவாகிறது என்பதைப் பற்றி அறிஞர் பேசுவதைக் கேட்பது ஒன்று. அது உருவாகும் கணத்தில் எழுத்தாணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வேறொன்று. முதல் சொல் விழுந்து, எதுகை அதனை இழுத்து, வினைமுற்றுக்கு முன் ஒரு வினாடி ஆசிரியர் மௌனமாக இருப்பதைக் கண்ட மாணாக்கன், திருத்தக் கடிதங்களால் ஒருபோதும் பெற முடியாத ஒன்றைப் பெற்றான். சாண்டா ஃபேயில் பத்து நாள் கூடியவர்கள் முடிந்த கையெழுத்துப் பிரதிகளைத்தான் ஒருவருக்கொருவர் காட்டினார்கள். எவரும் எவருடைய முன்னிலையிலும் எழுதவில்லை. அந்த வகையில் நம்முடையதே மேலான முறை என்பேன்.

தலபுராணம் என்னும் இலக்கிய வகையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பிள்ளையவர்கள் இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை இயற்றினார். ஓர் ஊரின் பிரமுகர்களோ கோயில் கட்டளைத் தம்பிரானோ அவரை அழைப்பார்கள். வடமொழித் தலமான்மியத்தின் செய்தியைத் தருவார்கள். அவர் அதனைத் தமிழ்ச் செய்யுளாக்குவார். முடிந்ததும் கோயிலில் பல நாட்கள் அரங்கேற்றம் நடக்கும். மாணாக்கர் செய்யுளை வாசிக்க, ஆசிரியர் பொருள் கூறுவார். திருப்பெருந்துறைப் புராண அரங்கேற்றத்தில் வாசித்தவர் சாமிநாதையர். இன்ன தீர்த்தத்தில் இன்னார் மூழ்கி இன்ன பாவம் நீங்கினார் என்ற கதையில் கவிஞர் கை வைப்பதற்கில்லை. அது தெய்வத்தின் கதை, ஊராரின் கதை, அவர்களுக்கு முன்னமே தெரிந்த கதை. ஆனால் புராணத்தின் முகப்பில் நாட்டுப்படலம் என்றும் நகரப்படலம் என்றும் இரண்டு பகுதிகள் உண்டு. அங்கே கவிஞருக்குப் பூரண சுதந்தரம். ஆற்றின் வருகை, உழவு, நீர்த்துறைகளின் சந்தடி, மாடவீதியின் வியாபாரம் என எதையும் தம் கற்பனை சென்ற தூரம் வரையில் பாடலாம். பிள்ளையவர்களின் புராணங்களில் ரசிகர்கள் தேடிச் சென்றதும் அப்படலங்களையே.

விசுவாசம் கதையை நிச்சயித்துவிட்டு, கற்பனைக்கென்று ஒரு முற்றத்தைத் தனியே ஒதுக்கிக் கொடுக்கிறது. சபையார் கதையை அறிந்தவர்கள் ஆதலால், என்ன சொன்னான் என்று கேட்க மாட்டார்கள். எவ்வாறு சொன்னான் என்றே கேட்பார்கள். கற்கிற ஒருவனுக்கு இதைக்காட்டிலும் அனுகூலமான சபை கிடையாது. தற்காலப் பட்டறைகளில் மாணாக்கன் பொருளையும் தேட வேண்டும், வடிவத்தையும் தேட வேண்டும், அதைக் கேட்பவர் யார் என்றும் ஊகிக்க வேண்டும்; மூன்று சுமைகளையும் ஏககாலத்தில் தூக்குகிற இளைஞன் பெரும்பாலும் மூன்றாவதைக் கீழே போட்டுவிட்டு, தன் போன்ற எழுத்தாளர்களுக்காகவே எழுதத் தொடங்கிவிடுகிறான்.

சமய ஸ்தாபனம் கற்பித்தால் தன் மதத்தையே திணிக்கும் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் பிள்ளையவர்களின் மாணாக்கர் வரிசை அதற்கு வேறு சமாதானம் சொல்கிறது. சைவ வேளாளராகிய ஆசிரியரிடம் ஸ்மார்த்தப் பிராமணர் ஒருவர் கற்றார் என்பது ஒருபுறமிருக்க, புதுச்சேரிச் சவராயலு நாயகர் என்ற கிறிஸ்தவரும், நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) என்ற இஸ்லாமியரும் அவரிடம் பாடம் கேட்டார்கள். குலாம் காதிறு நாவலர் தாம் கற்ற அதே தலபுராணப் பாணியில் நாகூர்ப் புராணம் இயற்றினார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கராகிய வேதநாயகம் பிள்ளை, ஆசிரியருடைய ஆப்த நண்பர். அவர்மீது குளத்தூர்க் கோவை பாடியவர் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடிய அதே மகாவித்துவான். நாட்டுப்படலம் பாடும் வித்தை, எந்த நாட்டுக்கும் எந்தத் தலத்துக்கும் பொதுவாக இருந்தது. மாணாக்கர் தங்கள் தங்கள் மதத்தில் மேலும் ஊன்றி நின்று எழுதினார்களே தவிர, ஆசிரியரின் மதத்துக்குள் இழுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இதே நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் இதற்கு நேர்மாறான பயணமும் நடந்தது: வைணவராகிய கிருஷ்ண பிள்ளை 1853இல் சாயர்புரம் மிஷன் பள்ளிக்குத் தமிழ்ப் பண்டிதராகப் போய், 1858இல் கிறிஸ்தவராகி, கம்பனில் பழகிய கையால் 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். அங்கே மதம் மாறிற்று, கையின் பழக்கம் மாறவில்லை.

தங்கிக் கற்பதற்கும் ஊரில் இருந்து கற்பதற்கும் இடையே ஊசலாடிய நிலைமைக்கும் சாமிநாதையரே சான்று. விவாகத்தினால் ஏற்பட்ட கடன் குடும்பத்தை அழுத்தியபோது அவர் ஆசிரியரை விட்டுப் பிரிந்து, பெரும்புலியூர்ப் பக்கத்துக் காரை என்ற கிராமத்தில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து பொருள் தேடினார். அது கல்வியில் விழுந்த இடைவெளி என்று மேலோட்டமாகத் தோன்றும். உண்மையில், மாயூரத்தில் கேட்டவற்றையெல்லாம் புன்செய்ச் சீமையின் ரெட்டிமார் முன்னிலையில் தாமே சொல்லிப் பார்க்க நேர்ந்த அந்த மாதங்களில்தான் அவர் மாணாக்கர் நிலையிலிருந்து ஒரு படி ஏறினார் என்று நான் கருதுகிறேன். கடன் பாக்கியைத் தீர்த்துக்கொண்டு அவர் மறுபடியும் ஆசிரியரிடம் திரும்பிச் சென்றார். ஷிப்டுக்குப் போய்க்கொண்டே படிக்க நேரும் ஒருவர் தம் நிலைமையைக் குறித்து வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்தக் கல்விமுறையின் குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கட்டளைக்குப் பாடுகிற கவிஞன் கட்டளையிட்டவரைப் பாராட்டியே தீரவேண்டும். பிள்ளையவர்களுக்கு இருந்த அசாதாரணமான சக்தியில் எத்தனை பங்கு, வேறெவரும் இன்று வாசிக்காத சிறப்புப் பாயிரங்களிலும் பிரமுகர் துதிகளிலும் கரைந்தது என்பதை நினைத்தால் வருத்தமே உண்டாகிறது. மடத்துக்கு வெளியே உலகம் எவ்வளவு பெரிது என்பதை அந்த மாணாக்கருக்குச் சுட்டிக்காட்டியவரும் மடத்தவர் அல்லர். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், புதிதாகக் கல்லூரிப் பண்டிதராகியிருந்த சாமிநாதையரைச் சந்தித்து, அவர் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பற்றிய நீண்ட ஜாபிதாவைக் கேட்டுவிட்டு, சற்றும் திருப்தியடையாதவராய்ச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். சமணக் காவியமாகிய அது அந்த மடத்துப் பாடத்திட்டத்தில் இல்லை. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிச் சென்று, அவர்களுடைய மதச் சொற்களுக்குப் பொருள் கேட்டு, 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். அந்தாதிகளால் கூர்மை பெற்ற காதுதான் சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீரை உணர்ந்தது என்பதும் மெய். அந்தக் காதைச் சிந்தாமணியின் பக்கம் திருப்ப மடத்துக்கு வெளியேயிருந்து, நம் சேலம் ஜில்லாவின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதும் மெய்.

திருவாவடுதுறை ஆதீனம் இன்றும் கற்பிக்கிறது. பல ஊர்களில் மையம் அமைத்து, மாதம் ஒருமுறை கூடும் வகுப்புகளாக, இரண்டாண்டுகள் சைவ சித்தாந்த சாத்திரங்களையும் திருமுறைகளையும் பயிற்றுவிக்கிறது. ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் வந்து கேட்கிறார்கள். அமைப்பில் அது அமெரிக்கர்களின் முறைக்கு மிகவும் நெருங்கியது. ஆனால் அங்கே செய்யுள் இயற்றும் பாடம் இல்லை. பொருள் உணர்வதும் ஓதுவதும் இருக்கின்றன. எழுத்தாணி மட்டும் விடுபட்டுப் போயிற்று. மகாவித்துவானை ஆதரித்த மடம் மறுபடியும் ஒரு நாட்டுப்படலம் எழுதச் சொல்லி ஒருவரையேனும் பணித்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

எழுத்தாணியைக் கைவிடாத மற்றொரு சமயக் கல்விச்சாலை மதுரை அரசரடியில் இருந்தது. 1969இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், பறட்டை என்ற பெயரில் அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, குருத்துவ மாணாக்கரைப் பாட்டுக் கட்டப் பழக்கினார். வளாகத்தை விட்டு வெளியேறிச் சேரியிலும் கிராமத்திலும் தங்கிப் படிக்கும் கட்டமும் அக்கல்லூரியின் முறையில் உண்டு. ஆகவே கற்பவர்களுக்குச் சபை எங்கே என்று தேட வேண்டிய அவசியமில்லை. ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதை அவர் இறையியலின் மூலக்கருத்தாகவே வைத்துப் பாடினார். கர்நாடக சங்கீதத்தில் அமைந்த கீர்த்தனையைக் கிராமத்தார் கைவைத்து மாற்றத் துணியமாட்டார்கள், நாட்டுப்புற மெட்டில் அமைந்த பாட்டையோ தமக்கு வேண்டியபடி மாற்றிப் பாடிக்கொள்வார்கள், அப்படி மாற்றுவதே அது அவர்களுடையதாகிவிட்டதற்கு அடையாளம் என்பது அவருடைய சித்தாந்தம். 2005இல் அவர் காலமானார். தலபுராணத்தின் சபை கேட்டுத் தலையசைத்தது. அப்பாவுவின் சபை பாட்டையே திருத்தியது. இது ஒரு பெரிய வித்தியாசம். எழுத்துக் கல்வியை யோசிக்கிறவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசக் காணோம்.

இனி நம் பிரதேசத்துக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் திரௌபதியம்மன் கோயில்களில் கோடைக்காலத்தில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை வாசித்து விளக்குவார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக விடியும் வரையில் நடக்கும். அர்ச்சுனன் தபசுக்கு மரம் நட்டு ஏறுவதும், கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன் படுகளமும், மாலையில் தீமிதியும் ஊரே பார்க்க நடைபெறும். கூத்தாடுகிறவர்களில் பலர் மற்ற மாதங்களில் உழவர்களாகவும் கூலித் தொழிலாளராகவும் இருப்பவர்கள். இப்போது கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவர்களும் உண்டு. கூத்து வாத்தியாரிடம் பையன் முதலில் பின்பாட்டுப் பாடுகிறான், சிறு வேஷம் கட்டுகிறான், இரத்தின நாயக்கர் அண்டு சன்ஸ் பதிப்பித்த பெரிய எழுத்துப் புத்தகத்தையோ வாத்தியாரின் நோட்டையோ பார்த்துப் பாட்டை மனனம் செய்கிறான். பருவம் வந்தால் கூடுதல், பருவம் முடிந்தால் பிரிதல். சட்டாக்குவா ஏரியை ஒருபோதும் கேள்விப்படாமலே அதன் அமைப்பு இங்கே நிலைத்திருக்கிறது.

இதிலும் கதை நிச்சயமானது. பாஞ்சாலி கூந்தலை முடிக்காமல் கூத்து முடியாது. ஆயினும் கற்பனைக்கு ஒதுக்கிய முற்றம் இங்கேயும் இருக்கிறது. அது கட்டியங்காரனுடைய இடம். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே அவன் உள்ளூர்ப் பஞ்சாயத்தைக் கிண்டல் செய்வான், மாங்காய்க்கு மண்டியில் கிடைக்கும் விலையைப் பேசுவான், ஓசூர்ப் பக்கத்துச் சபையானால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரு வார்த்தை கலந்து சிரிக்க வைப்பான். அவனுக்கு எழுதிக் கொடுத்த பாடம் கொஞ்சம். மீதியை அவனே அன்றிரவே இயற்றுகிறான். நன்றாக இல்லாவிட்டால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் அந்த க்ஷணமே தெரியப்படுத்திவிடுவார்கள். நாட்டுப்படலத்தை அச்சில் தேடிப் படித்து வியக்கிற பண்டிதர்கள், அதே வித்தையின் மற்றொரு வடிவம் ஊத்தங்கரைச் சாலையோரத்துக் கோயில் மைதானத்தில் நடப்பதை இலக்கியக் கல்வியாகக் கருதியதில்லை. தொடர்பு வகுப்புக்குச் சென்று எம்.ஏ. எழுதுகிற இளைஞரும், இரவில் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிற அவருடைய சிற்றப்பாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தாங்கள் ஒரே பாடத்தின் இரண்டு பாதிகளைப் படிக்கிறோம் என்று அறியாமலே இருக்கக்கூடும்.

ஆகவே, சாமல்பட்டி போன்ற ஓரிடத்தில் இத்தகைய படிப்பொன்றை எவரேனும் தொடங்க முற்பட்டால், அவர் விட்பி தீவின் பாடத்திட்டத்தை மொழிபெயர்த்துக் கொண்டுவருவதால் பயன் அற்பமாகவே இருக்கும். கோயிலோ சபையோ பள்ளிவாசலோ, எது நடத்தினாலும், தன் கதையை மறைத்துக்கொள்ளாமல் முன்வைத்து, அதிலே எந்தப் படலத்தை மாணாக்கனுடைய கற்பனைக்கு விடுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கூடும் நாட்களில் ஆசிரியர் தாமே எழுதிக் காட்ட வேண்டும். பிரிந்திருக்கும் மாதங்களில் மாணாக்கன் தன் ஊர்ச் சபையின் முன் ஒருமுறையேனும் தன் எழுத்தை வாசிக்க வேண்டும். மற்ற மதத்தாரின் காவியம் ஒன்றையேனும் கட்டாயமாக்குவது, இராமசுவாமி முதலியார் வந்து கேட்கும் வரையில் காத்திராமல் இருப்பதற்காக. கூடும் காலத்தைக் கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து வைப்பதைவிட, ஆயுத பூஜையையும் பொங்கலையும் ஒட்டித் தொழிற்சாலைகள் விடுமுறை விடும் நாட்களைப் பார்த்து வைப்பதே உசிதம்.

பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்ற கேள்வி நிச்சயம் எழும். வேலையிலிருந்து நேரத்தைப் பிடுங்கிப் படிக்கிறவர் அதைக் கேட்பதில் தவறும் இல்லை. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் தம் ஸ்தானத்தைச் சாமிநாதையருக்கு வாங்கிக் கொடுக்க முயன்றபோது, அவரிடம் சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் இருக்கவில்லை. செட்டியாரின் சிபாரிசும் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவுமே இருந்தன. அவை போதுமானவையாக இல்லாமையால், கல்லூரிக்கு அவரை அழைத்துச் சென்று, மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் செய்யுளுக்குப் பொருள் சொல்லச் செய்தும், கொடுத்த விஷயத்தைப் பற்றி அங்கேயே செய்யுள் இயற்றச் செய்தும் பரீட்சித்தார்கள். பரீட்சை முடிந்த பிறகே நியமனம் ஆயிற்று.